பின் சீட்டுக்கு அடியில் சத்தம் இல்லை

காலை ஏழு மணிக்கு அவளுக்கு அண்ணியிடமிருந்து போன் வந்தது.

"எட்டரைக்கு எனக்குக் கண் ஆபரேஷன். கார் கிளம்ப மாட்டேங்குது. வாடகை வண்டி வர ஒரு மணி நேரம் ஆகுமாம். உங்க அண்ணன் பேட்டரி, பேட்டரின்னு குதிச்சுக்கிட்டு இருக்காரு. நீ கொஞ்சம் வாயேன்."

அவள் ஒரு நொடி யோசித்தாள். அவள் மெக்கானிக் பட்டறை திறந்த அன்று, "பொம்பளைக்கு எதுக்கு இந்த எண்ணெய் வேலை?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர் அண்ணன். இரண்டு வருடமாக அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போதும் அவரா கூப்பிட்டார்? இருந்தாலும் கருவிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் கிளம்பினாள்.

அண்ணன் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு இடுப்பில் கையோடு நின்றார்.

"பேட்டரி போயிடுச்சு" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சாவியைத் திருப்புங்கண்ணே."

எஞ்சின் கர்ர் கர்ர் என்று நன்றாகவே சுற்றியது. பற்றிக்கொள்ளத்தான் இல்லை.

"பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. செத்திருந்தா இப்படிச் சுத்தாது. ஒண்ணு பெட்ரோல் வரல, இல்ல பொறி வரல."

"நேத்துதான் டேங்க் நிரப்பினேன்" என்று முறுக்கினார்.

"டேங்க்ல இருந்தா போதுமா? எஞ்சினுக்கு வரணுமே."

பின் சீட்டில் ஏறிக் காதை வைத்துப் படுத்தாள். "ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவியைப் பாதி மட்டும் திருப்புங்க."

பெட்ரோல் பம்ப் அந்தச் சீட்டுக்கு அடியில்தான். சாவி திரும்பியதும் இரண்டு நொடி ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. இன்னொரு முறையும் கப்சிப். ஜன்னல் ஓரம் ஆஸ்பத்திரிப் பையோடு நின்ற அண்ணிகூட மூச்சை அடக்கிக்கொண்டாள்.

பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பி அறுந்திருக்கவில்லை. மிச்சம் ரிலேதான்; பம்புக்குக் கரண்ட் விடும் சின்னக் கறுப்புப் பெட்டி. பக்கத்தில் ஹார்னின் ரிலே. இரண்டின் மேலும் ஒரே எண்; ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடலாம். பேசாமல் இடம் மாற்றிச் செருகினாள்.

"இப்ப திருப்புங்க."

சீட்டுக்கு அடியில் 'ஙொய்ங்' என்றது. அடுத்த திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"அவ்வளவுதானா?" என்றார் அண்ணன்.

"அவ்வளவுதான். ஆனா செத்த ரிலே இப்ப ஹார்ன்ல இருக்கு, அது அடிக்காது. பார்த்துப் போகணும்."

"ஹார்ன் எதுக்கு? இவர் வாயே போதும்" என்றாள் அண்ணி.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கியர் போடாமல் அண்ணியின் ஆஸ்பத்திரிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவரை ஆட்டிவைத்தது காரில்லை, ஆபரேஷன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நகருங்கண்ணே, நான் ஓட்டறேன்."

அவர் பக்கத்துச் சீட்டுக்கு மாறினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மாலை ஹார்ன் ரிலேயை மாற்ற அண்ணனே காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கண்ணே. உங்களுக்கு முன்னாடி மூணு வண்டி இருக்கு."

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்.