தோன்யா வில்மாவுக்கு இரண்டு மீட்டர் நிலம்

ஜனவரி மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு, சான் பாப்லோ லச்சிதெ ஊரின் பொதுக்கூட்டம் வழக்கம்போலக் கூடைப்பந்து மைதானத்தில் கூடியது. வந்தவர்கள் நூற்று நாற்பத்திரண்டு பேர். மைதானத்தில் போட்ட தகர மேசைக்குப் பின்னால் நடுவில் ஊர்த்தலைவர் தோன் எலிசேயோ யெஸ்காஸ்; பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஆண்களுக்குத் தோன், பெண்களுக்குத் தோன்யா என்று சேர்ப்பது எங்கள் வழக்கம். அவருக்கு வலப்புறம் பெயர்ப் பதிவேட்டோடு எழுத்தர் எவெரார்தோ. இடப்புறம், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, இடுகாட்டுப் பொறுப்பாளர் தோன் தெலெஸ்ஃபோரோ. வடக்குப் படிக்கட்டில் ஆண்கள், தெற்குப் படிக்கட்டில் பெண்கள். பெண்களின் முதல் வரிசையில் மாவு மில் நடத்தும் தோன்யா ஃபிலெமோனா. அவர் பக்கத்தில், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில், அமெரிக்காவிலிருந்து வந்து தங்கிவிட்ட தோன்யா வில்மா ஹாக்ஸ்டாட், வயது அறுபத்தொன்பது. எல்லோருடைய நிழலும் அவரவர் உயரத்துக்குத் தரையில் கிடந்தது. தோன்யா வில்மாவின் நிழல் மட்டும் அதைப் போல மூன்று மடங்கு நீண்டு, மேசைக் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது மினசோட்டா மாநிலத்துத் துலூத் நகரத்தின் சூரியனுக்கு விழும் நிழல்.

கூட்டத்தில் பேச இருந்தவை மூன்று: ஊற்றிலிருந்து வரும் குழாயின் உடைப்பு, அடுத்தவர் சோளக்கொல்லையில் இறங்கிய ஒரு காளை, தோன்யா வில்மாவுக்கு ஊர் இடுகாட்டில் இரண்டு மீட்டர் நிலம் கொடுப்பதா இல்லையா என்பது. முதல் இரண்டும் அரை மணி நேரத்தில் முடிந்தன.

அவர் ஊருக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. துலூத் துறைமுகத்தில், இரும்புத்தாது ஏற்றும் கப்பல்களுக்குச் சீட்டு எழுதும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு வாரம் மலை பார்த்துப் போகலாம் என்று வந்து, தோன்யா ஃபிலெமோனாவின் மாடியறையில் தங்கி, மூன்றாவது வாரம் காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நிழல் விஷயம் முதல் டிசம்பரிலேயே தெரிந்துவிட்டது. மாலை நாலரை மணிக்கு அது அணைந்துவிடும்; மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் வெயில் மிச்சம் இருக்கும். ஜூன் மாதத்திலோ, எங்கள் சூரியன் மலைக்குப் பின்னால் போய் ஒரு மணி நேரம் கழிந்தும், முதல் நட்சத்திரங்கள் வந்த பிறகும், அவர் நிழல் சுவரில் தெளிவாக நின்றது. அங்கே மேகம் மூடினால் இங்கே உச்சி வெயிலிலும் அவருக்கு நிழல் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியார் ஒரு வருடம் அதை அளவுநாடா பிடித்து அளந்து, வகுப்பறையில் படம் வரைந்து மாட்டினார். அந்த ஆண்டு பூகோளத்தில் யாரும் தோற்கவில்லை. பிறகு ஊர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது.

விடாதவர்கள் சிலர் இருந்தார்கள். தோன்யா ஃபிலெமோனாவின் மகன் லௌரோ, துலூத்துக்கு மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு வான்கோழி வெட்டும் தொழிற்சாலையில் இருக்கிறான். போனவன் பத்து வருடமாக வரவில்லை. இன்னும் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான்; அமெரிக்கா போனவர்களை நாங்கள் வடக்கே போனவர்கள் என்போம். காலையில் ஊறவைத்த சோளத்தை அரைக்க வரும் அந்தத் தாய்மார்கள் முதலில் தோன்யா வில்மாவின் காலடியைப் பார்ப்பார்கள், பிறகுதான் வாளியை இறக்குவார்கள்.

"இன்னிக்கு நெழல் இல்ல. அங்க பனி கொட்டுது போல. குல்லா போட்டிருப்பானோ என்னமோ," என்பார் தோன்யா ஃபிலெமோனா.

"போட்டிருப்பான். போடாம அங்க ரெண்டு நிமிஷம் நிக்க முடியாது," என்பார் தோன்யா வில்மா. இந்தப் பேச்சு குளிர்காலம் முழுவதும் வார்த்தை மாறாமல் நடக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் தோன்யா வில்மா துலூத்தில் இருக்கும் தன் தம்பி ஆர்விதுக்குக் கடிதம் எழுதினார். பத்திகளுக்கு எண் போட்டு எழுதுவது அலுவலகப் பழக்கம். அந்தக் கடிதங்களில் எங்களைப் பற்றி நிறைய இருந்தது. துலூத்தில் ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் மரியாதை, இங்கே தொந்தரவு செய்யாமல் இருந்தால் என்ன கோபம் என்று கேட்கிறார்கள். தக்காளி வாங்க நாற்பது நிமிடம் ஆகிறது. தக்காளிக்கு மூன்று, மீதி வழியில் வணக்கம் சொல்ல. சாப்பிடுகிறவர்களைத் தாண்டும்போது நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லாமல் போவது திருட்டுக்கு அடுத்த குற்றம். யாரும் முடியாது என்று சொல்வதில்லை, அது முகத்தில் அடிப்பது போல. பார்க்கலாம் என்கிறார்கள், எனக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. ஆர்வித் ஒவ்வொரு பதிலையும் ஒரே வரியில் முடிப்பார்: அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் காத்திருக்கிறது.

அந்த மூன்று வருடம் இப்படிப் போனது. இறந்தோர் நாளில் தோன்யா ஃபிலெமோனாவின் கணவர் கல்லறைக்குச் சாமந்திப்பூ அடுக்கிக்கொண்டிருந்தபோது, தனக்கும் இங்கே இடம் கிடைக்குமா என்று தோன்யா வில்மா தோன் தெலெஸ்ஃபோரோவைக் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றி, பார்க்கலாம் என்றார். அடுத்த வருடமும் பார்க்கலாம் என்றார். அதற்கு அடுத்த வருடம் கூடவே ஒரு கப் சாக்லேட்டும் கொடுத்தார். நான்காவது முறை தோன்யா வில்மா எழுத்தில் கேட்டார், ஏனென்றால் எழுத்துக்கு எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். எவெரார்தோ பதிவேட்டையே தூக்கிக்கொண்டு மாடியறைக்கு வந்துவிட்டார்.

இந்த ஊரில் பாதை போடுவது, ஊற்றைத் தூர் வாருவது, மண்சரிவை அள்ளுவது எல்லாம் ஊர்வேலை. வீட்டுக்கு ஒருவர் வருவார். பெயர் வாசிக்கும்போது வந்தவர் தன் வாயால் குரல் கொடுக்க வேண்டும். அப்படிக் குரல் கொடுத்தவருக்குத்தான் இடுகாட்டில் மண். தோன்யா வில்மா எட்டு வருடமும் ஒவ்வொரு ஊர்வேலைக்கும் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்து அனுப்பியிருந்தார். ஒருவருக்கு இரண்டு பேர். தாராளமாகச் செய்கிறோம் என்று நினைத்திருந்தார். அந்த இரண்டு பேரும் நன்றாக உழைத்தார்கள், நன்றி சொல்லிச் சாப்பாடும் போட்டோம். அவர் பெயருக்கு எதிரே எட்டு வருடமும் ஒரே சொல்தான் இருந்தது: வரவில்லை.

"ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?"

எவெரார்தோ உண்மையிலேயே சங்கடப்பட்டார். "நீங்க கேக்கலியே, தோன்யா. கேக்காதவங்ககிட்ட போய் எப்படிச் சொல்றது."

அன்று எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. அதற்கும் எண் போட்டிருந்தார். மறுநாள் சந்தைக்குப் போய் தன் உயரத்துக்கு ஒரு மண்வெட்டி வாங்கினார்.

முதல் ஊர்வேலையில் ஆண்கள் அவரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினார். இரண்டாவதில், கிரிங்கா அம்மா (அமெரிக்கக்காரியை இங்கே அப்படித்தான் சொல்வது) மத்தியானத்துக்குள் உட்கார்ந்துவிடுவார் என்று பேசிக்கொண்டார்கள்; உட்காரவில்லை. ஜூன் மாத மண்சரிவில் எல்லோரும் கருவிகளைக் கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகும் அவர் அள்ளிக்கொண்டே இருந்தார். தன் நிழல் காலடியில் நிற்கும்போது வேலையை விடுவது முறையில்லை என்று நினைத்தாராம். இருட்டில் பாறை உருண்டு இடது மணிக்கட்டு முறிந்தது. அடுத்த ஊர்வேலைக்கு மாவுக்கட்டோடு வந்து, ஒரு கையால், ஒவ்வொரு கல்லாகத் தூக்கினார். மூன்று வருடத்தில் நாற்பத்தொரு முறை பெயர் வாசிக்கப்பட்டது, நாற்பத்தொரு முறையும் அவர் குரல் கொடுத்தார். நிழல் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

டிசம்பரில் ஆர்வித் இரண்டு வரி எழுதியிருந்தார். துலூத் கல்லறைத் தோட்டத்தில் இடத்துக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஜனவரி முடிவதற்குள் வைத்துக்கொள்கிறாயா விட்டுவிடுகிறாயா என்று சொல்ல வேண்டும். கையில் வேறு மண் இல்லாமல் அதை விட்டுக்கொடுக்கத் தோன்யா வில்மா பைத்தியம் அல்ல. அதனால்தான் அவர் பெயர் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வந்தது.

தோன் தெலெஸ்ஃபோரோ எழுந்து, அவர்மேல் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று முதலில் சொன்னார். வேலையிலும் குறை இல்லை என்றார். ஆனால் இருபத்தாறு வருடமாகக் குழி இறக்குகிறவர் அவர். வெயிலில் பெட்டியை இறக்கும்போது முதலில் நிழல் குழிக்குள் மடிந்து இறங்கும், பிறகுதான் பெட்டி இறங்கும். நிழல் இறங்காத பெட்டியை மண் ஏற்காது. இந்த அம்மாவின் நிழலோ துலூத்துக் கணக்கில் விழுவது. டிசம்பரில் இவரைப் புதைத்தால் அது குழிக்கு வெளியே மூன்று கல்லறை தாண்டிப் படுத்துக் கிடக்கும்.

"பக்கத்துல எங்க சின்னம்மா இருக்கா. உசுரோட இருந்தப்பவே குளிர் தாங்க மாட்டா. அவ மேல துலூத்து நெழல் விழுந்தா நான் என்ன பதில் சொல்றது?"

வடக்குப் படிக்கட்டில் தலைகள் ஆடின. தோன் எலிசேயோ பென்சிலால் மேசையைத் தட்டினார். தோன்யா வில்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் கிடந்த தன் நிழலைப் பார்த்தபடி இருந்தார். அப்போது தோன்யா ஃபிலெமோனா மடியிலிருந்த நூல் பின்னலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். அவர் பின்னலைச் சுருட்டினால் கூட்டம் அமைதியாகிவிடும்.

"எவெரார்தோ, வடக்க போனவங்க பக்கத்தை எடு. எத்தனை பேரு?"

"நாப்பத்தாறு, தோன்யா."

"எம் மவன் பேரு வாசிக்கிறப்ப நான் என்ன சொல்றேன்?"

"வடக்கேன்னு சொல்லுவீங்க."

"அதை வரலைன்னா எழுதற?"

"இல்ல. விடுப்புன்னு."

"ஆங். உடம்பு அங்க, பேரு இங்கன்னு நாப்பத்தாறு பேரை வச்சிருக்கோம். செத்தா பெட்டியில வந்து சேர்றாங்க, தெலெஸ்ஃபோரோ வாயத் தொறக்காம குழி வெட்டறாரு. உடம்பு இங்க, நெழல் அங்கன்னு ஒருத்தங்களை வச்சுக்க நமக்குத் துப்பில்லையா? அது வடக்க வேலைக்குப் போயிருக்கு, அவ்வளவுதான். பத்து வருஷமா எம் பிள்ளை இருக்கற எடத்துல மழையா வெயிலான்னு எனக்குச் சேதி சொல்ற வேலை. முடிஞ்சா வந்து சேரும்."

காளைக்குச் சொந்தக்காரர் தொண்டையைச் செருமினார். தோன் தெலெஸ்ஃபோரோ நியாயமான மனிதர், யோசித்துவிட்டுத்தான் கேட்டார். "சரி. வடக்க போனவங்களுக்குப் பதிலா வீட்டாளு ஒருத்தர் ஊர்வேலை பாக்கறாங்க. நெழலுக்குப் பதிலா யாரு பாப்பா?"

தோன்யா வில்மா எழுந்தார். அவர் எழுந்ததும் நிழல் மேசை மேல் ஏறி, பதிவேட்டின் விரித்த பக்கத்தை மூடியது.

"நான் பாக்கறேன். எம் பேரு வாசிங்க, குரல் குடுக்கறேன். அது பேரு வாசிங்க, அதுக்கும் குரல் குடுத்து அந்த வேலையையும் பாக்கறேன். இந்தத் தடவை கூலி ஆள் இல்ல."

முதலில் சிரித்தவர்கள் ஆண்கள்தான். கை தூக்கச் சொன்னபோது எவெரார்தோ எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். எதிர்க் கையை எண்ணுவது சுலபமாக இருந்தது, அப்படி ஒன்றும் இல்லை. வடக்கே போனவர்கள் பக்கத்தில், நாற்பத்தேழாவது வரியில், அந்த நிழலின் இருட்டிலேயே குனிந்து அவர் எழுதினார்: வில்மா ஹாக்ஸ்டாடின் நிழல், துலூத், விடுப்பு.

தோன் தெலெஸ்ஃபோரோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "கொய்யா மரத்துக்குக் கீழ ரெண்டு மீட்டர். தலை எந்தப் பக்கம்?"

"தெக்க. காலு வடக்க இருக்கட்டும். நெழல் வந்தா காலைத்தானே தேடும்."

தோன் தெலெஸ்ஃபோரோ அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். தன் சின்னம்மாவுக்கு இப்போதைக்கு ஒரு கம்பளி போட்டு வைப்பதாகவும் சொன்னார், யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் முடிந்ததும் தோன்யா வில்மா மில்லின் கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் எழுதினார். ஒன்று, அப்பா அம்மாவுக்குப் பக்கத்து இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடு, நான் முழு மனதோடு சொல்கிறேன். இரண்டு, அம்மாவிடம் நான் சொன்னதாக நீயே நேரில் போய்ச் சொல். மூன்று, எனக்கு இங்கே கொய்யா மரத்துக்குக் கீழே மண் கிடைத்திருக்கிறது. நான்கு, என் நிழல் அங்கேதான் வேலையில் இருக்கிறது. வெயில் அடிக்கும் நாட்களில் துறைமுகப் பக்கம் போனால் அதற்கு ஒரு வணக்கம் சொல், இங்கே அதுதான் மரியாதை. கீழே கையெழுத்து போட்டு நாலாக மடித்தார்.

மலை ஈரத்தில் உறையின் பசை எப்போதோ போய்விட்டிருந்தது. தோன்யா ஃபிலெமோனா அரைத்த சோளமாவில் ஒரு கிள்ளு எடுத்து, ஓரத்தில் தடவி, கட்டைவிரலால் அழுத்திக் கொடுத்தார். இரண்டு மணிப் பேருந்து மைதானத்தின் ஓரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. தோன்யா வில்மா வழியில் ஐந்து பேருக்கு வணக்கம் சொல்லி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓட்டுநரை நன்றாகச் சாப்பிடச் சொல்லி, அவர் கை துடைக்கும்வரை காத்திருந்து கடிதத்தைக் கொடுத்தார். அவர் அதைக் கண்ணாடிக்கு முன்னால் கன்னிமாதா படத்துக்குப் பின்னால் செருகினார். வண்டி வளைந்து திரும்பும்போது தோன்யா வில்மாவின் நீண்ட நிழல் அதன் பக்கவாட்டில் ஏறி, ஜன்னல் ஜன்னலாக வழுக்கி, திரும்பவும் தரையில் விழுந்தது.

"நல்ல வெயில்," என்றார் தோன்யா ஃபிலெமோனா, அதைப் பார்த்துக்கொண்டே. "லௌரோ இன்னிக்குக் குல்லாயக் கழட்டிருப்பான்."

பேருந்து மலை இறங்கியது.