இருநூறு அடியில் ஒரு சொல்

ரஜிதனின் மூக்கை அறுக்கவேண்டும். தனியே கூப்பிட்டு அல்ல, நாலு பேர் பார்க்க. ராஜினி விமானம் இறக்க உயிரைக் கொடுத்துப் பழகிய காரணம் இவ்வளவுதான். வானம், கனவு, சிறகு என்று யாராவது உங்களுக்குக் கதை விட்டால் நம்பாதீர்கள்.

கிளிநொச்சியில் ஓர் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அறை. கனடாவில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்த ரஜிதன், மூன்று பெரிய திரைகளும் சுக்கானும் கால் மிதிகளும் பூட்டி, கணினியில் விமானம் ஓட்டப் பழக்கினான். பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்த ராஜினி, சனிக்கிழமைகளில் கனகராயன்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்துபோனாள். மூன்றாம் மாதம் ஓர் அறிவித்தல் வந்தது. கொழும்பிலுள்ள ஒரு பறப்புப் பயிற்சிப் பள்ளி வன்னியிலிருந்து ஒரேயொருவரை எடுத்து, இந்த இயந்திரத்தில் மற்றவர்களுக்குப் பழக்கும் ஆசிரியராக்கப் போகிறதாம். ரஜிதன் முதல் ஆளாகப் படிவம் வாங்கினான், ராஜினியும் வாங்கினாள்.

படியிறங்கியவள் மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்தபோது, உள்ளே ரஜிதனின் குரல் கேட்டது.

"தோட்டக்காட்டு ஆக்களுக்குக் காணி கிடைச்சதே பெரிய காரியம். இப்ப வானமும் வேணுமாம்!"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ராஜினியின் தாத்தா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர். ரஜிதனின் அப்பப்பா மட்டும் என்ன, கிளிநொச்சி மண்ணில் முளைத்தவரா? குளத்துத் தண்ணீரும் வயலும் கிடைக்குமென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்தானே! முதல் தரிப்பில் பஸ் ஏறியவன் அடுத்த தரிப்பில் ஏறுகிறவனைப் பார்த்து முகம் சுளிப்பானே, அந்தக் கதைதான். ராஜினி உள்ளே போனாள், குடையை எடுத்தாள், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள், இறங்கிப் போனாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அங்கே ஒருவனாவது பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

தேர்வுக்கு வைத்தது ஒரேயொரு பாடம்தான். மேகத்துக்குள்ளால், வெளியே ஒன்றும் தெரியாமல், கருவியை மட்டும் நம்பி ஓடுபாதைக்கு இறங்குவது. கருவியில் இரண்டு ஊசிகள். நிற்கிற ஊசி விலகினால் நீ பாதைக்கு இடமோ வலமோ போய்விட்டாய். படுத்திருக்கிற ஊசி விலகினால் உயரம் பிழை. இரண்டையும் நடுவில் குறுக்காகப் பிடித்துக்கொண்டே இருநூறு அடி வரைக்கும் இறங்கலாம். அங்கே தலையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். ஓடுபாதை வெளிச்சம் தெரிந்தால் இறக்கு. தெரியாவிட்டால் முழு வேகம் கொடுத்து மேலே கிளம்பிவிடு.

ரஜிதனின் அறையில் இதற்கு ஒரு வில்லங்கம் இருந்தது. எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் நெம்புகோல் ஓட்டுகிறவருக்கு எட்டாது. மேசையின் வலது ஓரத்தில், துணைக்கு இருப்பவரின் கையில்தான் அது இருக்கும். ஆகவே வாயால் சொல்லவேண்டும். சொல்லவேண்டிய சொற்களை ரஜிதனே ஓர் அட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். வெளிச்சம் தெரிந்தால் 'இறங்கிறன்'. தெரியாவிட்டால் 'போறன்'. 'போறன்' என்ற உடனே துணையாள் நெம்புகோலை முழுதாகத் தள்ளவேண்டும்.

எழுதுவது சுகம். எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிடும் எவன் 'போறன்' என்று சொல்லுவான்? சொன்னால் போனவன் போனவன்தான் என்று பெற்றவள் பதறுவாள். 'போட்டு வாறன்' என்போம், அவசரமென்றால் வெறும் 'வாறன்'. வருகிறவனும் வாறன், போகிறவனும் வாறன். பத்து வருடக் கனடாப் பனியிலும் ரஜிதனின் நாக்கிலிருந்து அது கழன்று விழவில்லை. இருநூறு அடியில் வெளிச்சம் தெரியாதபோதெல்லாம் அவன் வாயில் வந்தது 'வாறன்' தான். துணைக்கு இருந்தவர்களுக்கும் அது விளங்கியது, தள்ளினார்கள். இதை ஒரு பிழையென்று ஒருவரும் எண்ணவில்லை. ராஜினி மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

தன் நாக்கை அவள் வீட்டிலேயே திருத்தினாள். ஒருநாள் காலை வேலைக்கு வெளிக்கிடும்போது, "அம்மா, போறன்" என்றாள். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த தாய் கமலேஸ்வரியின் கையிலிருந்து விளக்குமாறு விழுந்துவிட்டது.

"வாயக் கழுவுடி! கடைசிச் சண்டையில, மாத்தளன்ல தண்ணி எடுக்கப் போனப்ப உங்கப்பா அப்பிடிச் சொல்லிட்டுத்தான் போனாரு. திரும்பி வந்தாரா?"

ஆனாலும் ராஜினி நிறுத்தவில்லை. அடுத்த நாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பழி வாங்கப் புறப்பட்டவள் தாயின் கண்ணீரைப் பார்த்தால் முடியுமா? பார்க்காமல் கேற்றைச் சாத்திக்கொண்டு போனாள்.

தேர்வுக்கு மிஞ்சியவர்கள் ரஜிதனும் ராஜினியும் மட்டும்தான், ஆனால் அன்று வேடிக்கை பார்க்க அந்த அறையில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். கொழும்புப் பள்ளியிலிருந்து வந்திருந்த அருந்ததி, முன்பு உண்மையான விமானம் ஓட்டியவர். அட்டையை ஒருமுறை வாசித்துவிட்டு ரஜிதனிடம் சொன்னார்.

"நீங்க எழுதின சொல்லு, நீங்க போட்ட விதி. அதையே பாவியுங்கோ. ஒராள் ஓட்ட மற்றாள் துணை."

முதலில் ராஜினி ஓட்டினாள். திரை முழுக்க வெள்ளை. ஊசி இரண்டும் அசைந்தன, திருத்தினாள், மறுபடி அசைந்தன, திருத்தினாள். இருநூறு அடியில் தலையைத் தூக்கினாள். வெள்ளை.

"போறன்."

அவள் குரல் நடுங்கவில்லை. ரஜிதன் நெம்புகோலைத் தள்ளினான், விமானம் மேலேறியது, அருந்ததி எழுதிக்கொண்டார்.

அடுத்தது ரஜிதன். உள்ளதைச் சொல்லவேண்டும், அவன் அவளைவிட நன்றாகவே ஓட்டினான். ஊசி இரண்டும் ஆணி அடித்தது மாதிரி நடுவில் நின்றன. ஐந்நூறு, முந்நூறு, இருநூறு. வெள்ளை.

"வாறன்" என்றபடி சுக்கானை இழுத்தான்.

ராஜினியின் உள்ளங்கை நெம்புகோலின் மேல்தான் இருந்தது. ஒரு தள்ளு, அவ்வளவுதான். அவள் தள்ளவில்லை. சுவரிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். மூக்கைத் தூக்கிய விமானம் வேகம் இழந்து உதறியது.

"வாறன்! வாறன் எண்டெல்லே சொல்லுறன், தள்ளும்!"

அவன் கத்தி முடிக்கமுன், விமானம் விழுந்துவிட்டதென்று மூன்று திரைகளும் சிவந்தன. பின்னால் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. பச்சைத்தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது ராஜினிக்கு. இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் எரிந்ததெல்லாம் அணைந்த சுகம்.

அருந்ததி கையை உயர்த்தினார். சிரிப்பு நின்றது.

"அட்டையில இல்லாத சொல்லைச் சொன்னது ரஜிதன்ர பிழை. அவரை எடுக்கேலாது." பிறகு ராஜினியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்களிட்ட ஒண்டு மட்டும் கேக்கவேணும். அவர் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

அவர் கையிலிருந்த தாளில் ராஜினியின் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. 'விளங்கேல்லை' என்றால் போதும். கொழும்பு, வேலை, தாய்க்குக் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு நல்ல செய்தி, எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன. அவள் வாயைத் திறந்தாள். ரஜிதன் முந்திக்கொண்டான்.

"இவவுக்கு எப்பிடி விளங்கும், மிஸ்? எங்கட கதை தெரியாது. அவை மலையகத்து ஆக்கள்."

அவன் முகத்தில் ஓர் ஆறுதல்கூடத் தெரிந்தது. நாளைக்கு ஊர் முழுக்க இதைத்தான் சொல்லித் திரிவான்: பாவம், அந்தப் பிள்ளைக்கு எங்கட பேச்சு விளங்கேல்லை, அதாலதான் விழுந்தது.

ராஜினி அவனைப் பார்த்தாள்.

"விளங்கினது, மிஸ்" என்றாள். "முதல் தரம் சொல்லேக்கையே விளங்கினது."

அருந்ததி பேனாவை எடுத்தார். "உயிரோட ஆக்கள் இருக்கிற விமானம் எண்டு நினைச்சுப் பாருங்கோ. உங்களையும் எடுக்கேலாது, தங்கச்சி."

"ஓம், மிஸ்."

பேனா அவள் பெயரின் மேல் போகும் சத்தம் கேட்டது. ராஜினி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரஜிதனின் முகத்திலிருந்து அந்த ஆறுதல் வடிவதை, கடைசித் துளி வரைக்கும் இருந்து பார்த்தாள்.