காருக்குள் இரண்டு மைக்

சனிக்கிழமை காலை காரைத் துடைக்க பேஸ்மென்ட்டுக்கு இறங்கிய ஆஞ்சலாவின் காதுத்தோடு கழன்று, டிரைவர் சீட்டுக்கு அடியில் உருண்டு போனது. அதைத் தேடிக் கையை விட்டபோதுதான் அந்தப் பொருள் விரல்களில் பட்டது. உள்ளங்கை அகலம் இருக்கும், தட்டையாக, கறுப்பு டேப் சுற்றி, சீட்டின் அடியில் ஒட்டவைத்திருந்தார்கள். அதிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கிளம்பி, தரைவிரிப்புக்கு அடியில் புகுந்து பின்பக்கம் போனது.

தோட்டை மறந்துவிட்டு அவள் விரிப்பைத் தூக்கினாள். ஒயர் இரண்டாகப் பிரிந்தது. பின்சீட்டின் இரண்டு ஜன்னல் ஓரங்களிலும், சட்டைப் பொத்தான் அளவில், முகத்தில் வலை போட்ட இரண்டு கறுப்புக் குமிழ்கள் இருந்தன. இன்னொரு ஒயர் முன்பக்கம் ஓடி, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் முடிந்தது. பெட்டியில் ஒரு சுவிட்ச்.

கார் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து வைட்ஃபீல்டுக்கு தினமும் கேபுக்காகக் காத்து நின்று அலுத்துப்போய், பழைய கார் விற்கும் கடை ஒன்றில் பிடித்து வாங்கிய சிவப்புக் கார். அதில் இப்படிச் சாமான்கள் இருப்பதாக யாரும் சொல்லவில்லை.

மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவன் ஃபிராங்க்ளினை போன் போட்டு வரவழைத்தாள். அவன் சர்ச் பாடகர் குழுவுக்கு வருஷக்கணக்காக ஸவுண்ட் பார்ப்பவன். குமிழைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"ஆஞ்சி, இது மைக்."

"என்னா சொல்ற?"

"ஃபாதர் காலர்ல மாட்டுவாரே, அதே ஜாதி. காருக்குள்ள எதுக்கு வெச்சிருக்காங்க?" சொல்லிக்கொண்டே பெட்டியின் சுவிட்சைத் தட்டினான். ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. அந்த பேஸ்மென்ட்டின் அமைதியில் அந்தப் பச்சைப் புள்ளி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஆஞ்சலா சட்டென்று காரை விட்டு விலகி நின்றாள். அதற்குக் காரணம் இருந்தது. அவள் வேலை செய்யும் கம்பெனியில் அவள் ஹெச்ஆர். ஒரு டீமை அப்படியே மூடிவிடப் போகிறார்கள் என்கிற சமாசாரம் அவளுக்கும், மேலதிகாரி ப்ரஹ்லாதுக்கும், டைரக்டருக்கும் மட்டும்தான் தெரியும். போன வியாழக்கிழமை அது எப்படியோ வெளியே வந்து, ஆபீஸ் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. வேலை போகப்போகிறவர்களின் பெயர்கள்கூட சரியாக இருந்தன. ப்ரஹ்லாத் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆஞ்சலா, நீங்க யார்கிட்டயாவது பேசினேளா? யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று கேட்டார். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். யாரிடமும் பேசவில்லை என்று அவள் அழுத்திச் சொல்லியிருந்தாள்.

பேசியது இந்தக் காரில்தான். மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் நின்றபடி, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒவ்வொரு பெயராக டைரக்டரோடு பேசியிருக்கிறாள். சுவிட்சை இப்போதுதான் போட்டார்கள் என்றாலும், மைக் அதற்கு முன்பும் கேட்டுக்கொண்டிருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

"பிச்சுப் போட்டுடலாம்" என்றான் ஃபிராங்க்ளின்.

"வேணாம். யாரு வெச்சாங்கன்னு தெரியணும். திங்கக்கிழமை ப்ரஹ்லாத் சாருக்கு நான் என்னா பதில் சொல்றது?"

கடைக்காரருக்கு போன் செய்தாள். "ஏதோ பார்க்கிங் சென்சார்னு நெனச்சேன் மேடம். நமக்கு கொத்தில்லா, தெரியாது" என்றார் அவர், கன்னடத்தையும் தமிழையும் குழப்பி. பழைய சொந்தக்காரியின் பெயர் லீனா, வீடு ஹெப்பகோடியில் என்று சொல்லி நம்பரும் விலாசமும் அனுப்பினார்.

ஆஞ்சலா அந்த நம்பருக்கு அடித்தாள். மணி போய், கட் ஆனது. மறுபடி அடித்தாள். மறுபடியும் கட். சாயங்காலம் வேறு நம்பரிலிருந்து அடித்தபோதும் அதே கதை. மெசேஜ் போடலாமே என்றான் ஃபிராங்க்ளின். எழுத்தில் எதையும் விட்டுவைக்க அவளுக்கு பயமாக இருந்தது.

"தப்பு பண்ணவங்கதான் போன் எடுக்க மாட்டாங்க" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். சுவிட்சை அணைக்க ஃபிராங்க்ளின் விடவில்லை. "ஆஃப் பண்ணா நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்று காரில் ஏறுவதற்கு முன்பே அவள் காதோரம் கிசுகிசுத்தான். அதனால் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவன் கையை ஆட்டுவான். தண்ணீர் வேண்டுமென்றால் அவள் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோவாள். ஒருமுறை அவன் என்ன சொல்கிறான் என்று புரியாமல் அவள் தவறான ஃப்ளைஓவரில் ஏறிவிட, அவன் தலையில் அடித்துக்கொண்டான், சத்தம் வராமல்.

ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடந்த ரோடு சில்க் போர்டு தாண்டியதும் நெரிசலானது; அப்போதுதான் அது நடந்தது. அவள் உட்கார்ந்திருந்த சீட் திடீரென்று நடுங்கியது. அதே நேரம் டேஷ்போர்டின் இடது மூலையில், அலங்காரத்துக்கு ஒட்டியது என்று அவள் இதுநாள்வரை நினைத்திருந்த ஒரு சின்ன விளக்கு நீலமாக மின்னியது. அவள் கத்தப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் வலது மூலை மின்னியது. பிறகு இரண்டும் சேர்ந்து. சீட் அடங்கவே இல்லை. சுற்றிலும் ஆட்டோவும் லாரியும் வழக்கம்போல ஹாரனில் கையை எடுக்காமல் போய்க்கொண்டிருந்தன. ஃபிராங்க்ளின் போனில் 'ஷார்ட் சர்க்யூட்?' என்று அடித்துக் காட்டினான். அவள் 'பாம்?' என்று உதடசைத்தாள். அவன் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஹெப்பகோடியில் வீட்டைக் கண்டுபிடித்து, கேட்டில் இருந்த பெல்லை அழுத்தினார்கள். மணிச்சத்தம் கேட்கவில்லை. உள்ளே கூடத்தில் விளக்குதான் இரண்டு முறை எரிந்து அணைந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வெளியே வந்தாள். கண் முதலில் காரின் மேல் போனது. முகம் மலர்ந்து, நேராக வந்து பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டுவது போல.

"நீங்கதான் லீனாவா? இந்த மைக் எல்லாம் நீங்க வெச்சதா?" ஆஞ்சலா வழியெல்லாம் அடக்கிவைத்த கோபத்தோடு ஆரம்பித்தாள். "எத்தனை வாட்டி போன் பண்ணேன்! ஏன் கட் பண்ணீங்க?"

லீனா அவள் உதட்டையே கவனித்துவிட்டு, தன் காதைத் தொட்டு, கையை இல்லை என்று ஆட்டினாள். பிறகு தன் போனை எடுத்து வேகமாக எழுதிக் காட்டினாள்.

'எனக்குக் காது கேக்காது. பிறவியிலேருந்து. போன் வந்தா கட் பண்ணிடுவேன், மெசேஜ் வந்தா பதில் போடுவேன்.'

ஆஞ்சலா அதைப் படித்தாள். பிறகு பின்சீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

லீனா அவள் தோளைப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, முன்னால் பார்க்கும்படி சைகை செய்தாள். வாசலில் நின்ற ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு காரின் பின்னால் இடதுபக்கம் போய், ஹாரனை அழுத்தினாள். சீட் நடுங்கியது. இடது மூலை விளக்கு மின்னியது. வலதுபக்கம் போய் அழுத்தினாள். வலது விளக்கு மின்னியது.

"அட!" என்றான் ஃபிராங்க்ளின். காரில் ஏறியதிலிருந்து அவன் வாயைத் திறந்தது அப்போதுதான். "இவங்களுக்கு ஹாரன் கேக்கணும்ல, அதுக்கு!"

லீனா எழுதினாள்: 'எலெக்ட்ரானிக் சிட்டில சர்க்யூட் டிசைன் பண்றேன். இது நானே பண்ணது. சீட்டுக்கு அடியில இருக்கறது சின்ன மோட்டார், அதான் அதிருது. பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா தெரியணும் இல்லையா? இப்ப புதுக் கார்ல இன்னும் நல்லதா ஒண்ணு பண்ணிட்டேன். இதைக் கழட்டித் தரேன்னு கடைக்காரருக்கு மெசேஜ் போட்டேன், வேணாம்னுட்டார்.'

ஆஞ்சலா அவள் போனை வாங்கி, அடித்தாள்: 'நாங்க உள்ள பேசறது எல்லாம் ரெக்கார்ட் ஆகுதா?'

லீனா படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெண் இவ்வளவு தூரம் வந்தது எதற்கென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து, பெட்டியின் மூடியைத் திறந்து, ஃபிராங்க்ளினையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினாள். சிம் கார்டு இல்லை. மெமரி கார்டும் இல்லை. கட்டைவிரல் நகத்தளவு சில்லு ஒன்றும் நாலைந்து ஒயரும்தான். ஃபிராங்க்ளின் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல ஆஞ்சி. சத்தியமா ஒண்ணும் இல்ல" என்றான்.

லீனா எழுதினாள்: 'அதுக்குக் கேக்கும். ஞாபகம் வெச்சுக்காது.'

ஆஞ்சலா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஃபிராங்க்ளினுக்கே தெரியவில்லை. அவள் நெற்றி பட்டு ஹாரன் அலறியதும் சீட் நடுங்கி, இரண்டு விளக்கும் ஒன்றாக மின்ன, அவள் நிமிர்ந்து நிஜமாகவே சிரித்துவிட்டாள்.

அப்படியே திரும்பிப் போக லீனா விடவில்லை. அவள் கணவன் ரெமிஜியஸ் சமையற்கட்டில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தான். "அக்கா, சாப்ட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை நம்மள்து தான் சமையல்" என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தான். நாலு பேரும் உட்கார்ந்தார்கள். காரில் சைகையால் பேசிக்கொண்டு வந்த கதையை ஃபிராங்க்ளின் நடித்துக் காட்ட, தண்ணீருக்கு ஆஞ்சலா செய்த சைகைக்கு 'சரக்கு' என்று அர்த்தம் என ரெமிஜியஸ் விளக்கினான். லீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாதிச் சாப்பாட்டில் ஆஞ்சலாவின் போன் அடித்தது. ப்ரஹ்லாத். இடதுகையால் எடுத்தாள்.

"ஆஞ்சலா, சண்டேல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும்" என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பெயர் விவரத்தை நான்தான் தப்பான மெயில் குரூப்புக்கு அனுப்பித் தொலைச்சிருக்கேன். உடனே டெலீட் பண்ணிட்டேன், அதுக்குள்ள யாரோ பாத்திருக்கா. உங்களைக் கேட்டது என் தப்பு."

"பரவால்ல சார்" என்றாள். அவரைக் கடிந்துகொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது மட்டும் தெரிந்தது.

போனை வைத்ததும் ஃபிராங்க்ளின் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் பெருமூச்சு விட்டு, தட்டில் கறியைத் தேடினான்.

லீனாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'நல்ல சேதியா?' என்று எழுதிப் போனை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஆஞ்சலா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து எழுதினாள்: 'எனக்கு நல்ல சேதி. வேற சில பேருக்கு இல்ல. நாளைக்கு அவங்க முகத்தைப் பாத்து நான்தான் சொல்லணும்.'

லீனா நிதானமாகப் படித்தாள். பிறகு எழுந்து, வாணலியில் மிச்சமிருந்த கறியை ஆஞ்சலாவின் தட்டில் போட்டாள். ஆஞ்சலா வேண்டாமென்று சொல்லவில்லை. நன்றாகப் பசித்தது.