ஐந்தரை மணி நேரம் பின்னால்

பிரேமலதா அம்புக்குறியை அழுத்துவதற்குள் பத்து விநாடி தீர்ந்துவிட்டது. விண்டோஸா லினக்ஸா என்று கேட்டுக் கறுப்புத் திரையில் நின்ற இரண்டு பெயர்களும் மறைந்து, கம்ப்யூட்டர் தன் போக்கில் லினக்ஸுக்குள் போனது. அது அவள் பக்கம். அவளுக்கு இப்போது வேண்டியது அவர் பக்கம்.

"சனியனே" என்று மறுபடி அணைத்துப் போட்டாள்.

சுவருக்கு அந்தப் புறம் கூடத்தில் அவள் கணவர் சண்முகையாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் பால் வாங்கி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து, "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. மணி ஆறு இருபது. அவர் கையில் கட்டியிருந்த வாட்சில்தான் அவள் அதைப் பார்த்தாள்.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்த கொழுந்தன் இசக்கித்துரை கடை வாசலில் வந்து நின்றான்.

"மதினி, இந்த நேரத்துல உங்களுக்கு என்னத்துக்கு இது? பஸ் ஸ்டாண்டு பக்கம் குடுத்தா அரை மணி நேரத்துல நோட்டீசு அடிச்சுத் தந்துருவாங்க."

"ஊருல எத்தனை பேருக்கு அவுக கண்ணீர் அஞ்சலி அடிச்சுக் குடுத்திருக்காக! அவுகளுக்கு மட்டும் வெளிய போயி நிக்கணுமா? நான் அடிக்கேன். குளிப்பாட்டத் தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போறதுக்குள்ள ஒட்டியாகணும். நீங்க ஒட்டுததுக்கு ஆளை மட்டும் பிடிச்சு வைங்க."

அவன் ஆள் பிடிக்கப் போனான்.

வீட்டின் முன்னறைதான் கடை. முப்பது வருஷமாகத் தமிழ் டைப்பிங். பழைய விண்டோஸில் ஓடும் ஒரு பழைய எழுத்துருவைத் தவிர வேறெதிலும் சண்முகையாவுக்குக் கை ஓடாது. அந்த விண்டோஸோ இப்போது எந்த இணையதளத்தையும் திறக்க மாட்டேன் என்கிறது. சாதிச் சான்று, பட்டா என்று பிரேமலதா செய்து கொடுக்கும் ஆன்லைன் விண்ணப்பங்களுக்கு அது ஆகாது. இன்னொரு கம்ப்யூட்டர் வைக்க அறையில் இடமுமில்லை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் முகம்மது ஹுசைன்தான் அவர் விண்டோஸை அப்படியே ஒரு ஓரத்தில் விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்தான். பெட்டி ஒன்று, குடித்தனம் இரண்டு. காலையில் அவர், சாயங்காலம் அவள்.

ஒரே ஒரு தொல்லை. சாயங்காலம் அவள் லினக்ஸை மூடினால், மறுநாள் விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். "லினக்ஸு உள்ளுக்குள்ள லண்டன் மணிய எழுதி வைக்குக்கா. விண்டோஸு அதை நம்ம ஊரு மணின்னு நெனச்சுக்கிடுது" என்றான் ஹுசைன். சரி செய்து தருவதாகவும் சொன்னான். சண்முகையா விடவில்லை. யாராவது கை வைத்தால் எழுத்துரு போய்விடும் என்று அவருக்குப் பயம். தினமும் காலையில் வாட்சைப் பார்த்து அவரே மணியைத் திருத்துவார். "ஏட்டி லண்டன்காரி, நேத்தும் மணியக் கெடுத்துட்டுப் போயிட்டியே!" என்று அடுப்படிக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பார். அவளுக்குச் சிரிப்பு வரும்.

நேற்று வரவில்லை. "கையில வாட்ச் இருக்குல்லா, அதைப் பாத்துக்கிட வேண்டியதுதான? தெனமும் இதே பேச்சு!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அதன் பிறகு லண்டன்காரி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதுதான் இப்போது நெஞ்சைப் போட்டு அறுத்தது. கூடத்தில் எல்லாரும் அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

இந்த முறை அம்புக்குறியைச் சரியாக அழுத்தினாள். விண்டோஸ் திறந்தது.

முந்தி இறந்தவரின் அஞ்சலியைத் திறந்து, பெயரை மாற்றுவதுதான் அவர் வழக்கம். ஒருமுறை இளையரசனேந்தல் பெரியவர் ஒருவருக்கு அடித்ததில், முந்தினவருடைய மனைவியின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அச்சுக்குப் போகுமுன் வரி வரியாக உரக்க வாசிப்பார். அடுப்படியிலிருந்து அவள் 'சரி' என்றால்தான் அடுத்த வரி.

அவருடைய தட்டச்சு முறை அவளுக்குப் பழக்கமில்லை. எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினாள். 'ச' கிடைக்கவே ஒரு நிமிஷம் ஆனது. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த ஹுசைன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் இந்த முறை தெரியாது.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அவளையறியாமல் உரக்க வாசித்தாள்.

"திரு. சண்முகையா அவர்கள்."

நிறுத்திக் காத்திருந்தாள். ஹுசைன் இந்த வீட்டு வழக்கம் அறிந்தவன்.

"சரிக்கா" என்றான், மெல்ல.

"வயது ஐம்பத்தெட்டு."

"சரிக்கா."

"இன்று காலை ஆறு இருபது மணியளவில்…"

'சரி' வரவில்லை. அவன் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். அங்கே காலை 6.14.

"மணி பின்னால நிக்கி. மாத்திரட்டாக்கா?"

"வேண்டாம் ஹுசைன். தொடாத."

அச்சுக்குக் கொடுத்தாள். தாள் வெளியே வந்தது. பிழை ஒன்றுமில்லை. ஹுசைன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நகல் எடுக்கப் போனான். அவள் பெட்டியை அணைக்கவில்லை.

இசக்கித்துரை மறுபடி வந்தான். "மதினி, திருவேங்கடத்துல இருந்து ஆளுக வந்திருக்காங்க. உங்களைத் தேடுதாங்க."

"இந்தா வாரேன். இன்னும் மூணு நிமிஷம் கெடக்கு."

எதற்கு என்று விளங்காமல் அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு அடிக்கப் பதின்மூன்று நிமிஷம் இருந்தது. பிரேமலதா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரையின் மூலையில் நின்ற 6.17-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.