ஆபீசர் அசையவில்லை

படம் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது என்று செய்தி வந்த வீட்டில் யாராவது இழவு விழுந்தமாதிரி உட்கார்ந்திருப்பார்களா? மாமனார் உட்கார்ந்திருந்தார். செய்தி வந்த அன்று என்னவோ வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்து, பால்காரர் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை பிடித்து நிறுத்திச் சொன்னவர்தான். மறுநாள் காலையில் புல்வெளிப் பக்கம் போனார். திரும்பி வந்தவர் கேமராவைப் பையோடு அலமாரி மேல் ஏற்றிவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை, உடம்புக்கு என்ன என்றால் ஒன்றுமில்லை. இப்படியே ஒரு வாரம் ஜன்னலோரம் கழிந்தது.

மருமகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இல்லை, அப்படிச் சொன்னால் பொய். அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம்தான் அவளையும் சாப்பிட விடாமல் செய்தது.

மாமனார் வேலையில் இருந்த காலமெல்லாம் கல்யாணப் போட்டோ எடுத்தவர். "தாடையை இறக்குங்க, இந்தப் பக்கம் திரும்புங்க, சிரிங்க" என்று ஊரில் பாதி ஜோடிகளை அதட்டியே சிரிக்க வைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, சொன்ன பேச்சுக் கேட்காத ஆளாகப் பார்த்துப் படம் எடுக்க ஆசை வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் அப்படி ஓர் ஆள் அகப்பட்டது. மஞ்சள் மார்பு, அதன் மேல் கறுப்பாக ஒரு பட்டை, டை கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதுபோல. விடிந்ததும் வேலிக் கம்பத்தில் ஏறி நின்று பாட ஆரம்பித்தால் தண்ணீர்த் தொட்டி வரை கேட்கும். மாமனார் அந்தப் பறவைக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தார்.

மருமகளுக்கும் பறவைகளோடுதான் பிழைப்பு. அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைக்கும் பறவைகளைச் செய்பவள் அவள். இலேசான மரத்தைச் செதுக்கி, கம்பியில் கால் வைத்து, வண்ணம் பூசி, உதிர்ந்து கிடைத்த நிஜ இறகுகளை இறக்கையோரம் ஒட்டுவாள்.

"நீ பண்றது பொம்மை, நான் எடுக்கறது நிஜம்" என்று மாமனார் சீண்டுவார்.

"உங்க நிஜம் நிக்காம ஓடுது மாமா. என் பொம்மை வெச்ச எடத்துல இருக்கும்" என்று அவளும் விடமாட்டாள்.

அவர் எடுத்துவரும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. கொஞ்ச காலமாக அந்தப் படங்களில் ஆபீசரைக் காணோம். வெறும் கம்பம் இருக்கும், மண்கட்டி இருக்கும். ஒன்றில், வேலியில் சிக்கிய மஞ்சள் பிளாஸ்டிக் பை ஒன்று சுருக்கம் சுருக்கமாக மகா துல்லியமாக இருந்தது.

"என்ன கம்பீரம் பாரு!" என்றார் மாமனார், பையைக் காட்டி.

"ஆமா மாமா" என்றாள். வேறென்ன சொல்வாள்? கண் டாக்டர் பேச்சை எடுத்தாலே, "என் கண்ணுக்கென்ன? இப்பவும் ஊசியில நூல் கோப்பேன்" என்பார். கோத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அவருடைய மகனோ, ஒழுகுகிற குழாயிலிருந்து அப்பாவின் கண் வரைக்கும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள்.

அருங்காட்சியகத்துக்காக அவள் செய்த ஆபீசர் ஒன்று, மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்று திருப்பி அனுப்பப்பட்டு அவள் மேஜையில் சும்மா கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் அதைக் கொண்டுபோய் வேலிக் கம்பத்தின் மேல் நிறுத்தி, கம்பிக் கால்களை இறுக்கிவிட்டு வந்தாள். பாவம், அவருக்கு ஒரு நல்ல படம் கிடைக்கட்டும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள்.

மறுநாள் மாமனார் குதித்துக்கொண்டு வந்தார். "அசையவே இல்லம்மா! என் சர்வீஸ்ல எந்த மாப்பிள்ளையும் இப்படி நின்னதில்ல!"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போனாள். அதற்குள் அவர், மகனைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, இருப்பதில் நல்ல படத்தைப் புகைப்படச் சங்கத்தின் காட்டுயிர்க் கண்காட்சிக்கு அனுப்பியே விட்டார். "இனிமே கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகமாட்டேன். அதுக்கும் லீவு வேணாமா?" என்றார். பொம்மையை எடுத்துவிடலாம் என்று சில நாள் கழித்து அவள் போனபோது கம்பம் காலியாக இருந்தது. காற்றில் விழுந்து, நாய் கவ்விக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, புல்லுக்குள் தேடாமல் திரும்பிவிட்டாள். பிறகுதான் தேர்வுச் செய்தி வந்தது. உயிர்த்துடிப்புள்ள படம் என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது அவளுக்குப் பாதி வெட்கம். மீதி, சொல்லத்தான் வேண்டும், பெருமை.

இப்போது மாமனார் ஜன்னலோரம். பொம்மையைக் கண்டுபிடித்துவிட்டார், அவமானத்தில் குமைகிறார் என்பதுதான் அவளுடைய சந்தேகம். அது உறுதியானது ஒரு போன் வந்தபோதுதான். கண்காட்சியை நடத்தும் அம்மாள் கூப்பிட்டு, "நாளைக்குத் திறப்பு விழா. உங்க மாமா இந்த நேரத்துல படத்தை எடுத்துடச் சொல்றாரே. ஏன்னு கேட்டா, எனக்குத் தகுதி இல்லைங்கறார்" என்றாள்.

மருமகள் போனை வைத்துவிட்டு நேரே ஜன்னலுக்குப் போனாள்.

"மாமா, தப்பு என்னோடதுதான்."

"உன்னோடதா? நீ என்னம்மா பண்ணினே?"

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே இப்படிக் கேக்காதீங்க. நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணினேன்."

"நீ அங்க வரவே இல்லையே! கிட்டப் போனது நான். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பறவைகிட்டப் போகாதே போகாதேன்னு புத்தி சொல்லிட்டு, கை நீட்டினா தொடற தூரத்துக்குப் போனேன். அது பயத்துல ஒறஞ்சு நின்னிருக்கு. மடையன், போஸ் குடுக்குதுன்னு நெனச்சேன்."

"யாரு பயந்தா?"

"ஆபீசர்தான்."

அவள் திருதிருவென்று விழித்தாள். மரக்கட்டை எப்படிப் பயப்படும்? தான் வந்த விஷயம் ஒன்று, இவர் பேசுகிற விஷயம் வேறொன்று என்பது மட்டும் புரிந்தது.

"படம் தேர்வாயிடுச்சுன்னு அதுகிட்டச் சொல்லலாம்னு போனேம்மா" என்றார் மாமனார். "கம்பத்தடியில, புல்லுக்குள்ள கால்ல தட்டுப்பட்டுச்சு. செத்துக் கெடந்துச்சு. வெறைச்சுப்போய். கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டு வந்து பின்சுவர் ஓரமாப் பொதைச்சேன். ஒரு படத்துக்கு ஆசைப்பட்டு உசிரை எடுத்துட்டேன்."

துணி காயப்போடும் இடத்தில் புதிதாக ஒரு கல் முளைத்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். இடறுகிறதே என்று அலுத்துக்கொண்டும் இருந்தாள். அதுதானா இது!

சொன்னால், நீங்கள் ஒரு வாரமாகத் துக்கம் காத்தது மரக்கட்டைக்கு, உங்கள் கண் போய்விட்டது, உங்களை ஏமாற்றியது நான் என்று மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் கொலைகாரராகவே மிச்ச நாளைக் கழிப்பார். அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

"எழுந்திருங்க மாமா" என்று கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

"வேணாம்மா, பொதைச்சதைத் தோண்டாதே" என்று அவர் சொல்லச் சொல்ல, கல்லைப் புரட்டிவிட்டு, பூந்தொட்டி மண் கிளறும் கரண்டியால் தோண்டினாள். கைக்குட்டை ஈரமாக வந்தது. பிரித்து, உள்ளே இருந்ததை அவருடைய வெறும் உள்ளங்கையில் வைத்தாள்.

"துணி இல்லாமத் தொட்டுப் பாருங்க."

மாமனார் தடவினார். இறக்கையோரம் இறகு. வயிற்றுப் பக்கம் வழவழப்பு. காலைத் தொட்டதும் விரல் நின்றது. நகத்தால் மெதுவாகத் தட்டினார். டொக். நம்பாமல் இன்னொரு தடவை தட்டினார்.

"நான் செஞ்சது மாமா. நான்தான் கம்பத்துல வெச்சேன்."

திட்டப்போகிறார் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அப்ப ஆபீசர் சாகலையா?"

"இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கும்."

அவர் துவைக்கிற கல்லின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் போனபிறகுதான் கோபம் வந்தது. "என்னை முட்டாள்னு நெனச்சியா?"

"இல்ல மாமா. உங்க கண்ணு..."

"என் கண்ணுக்கென்ன?" என்று வழக்கம்போல ஆரம்பித்தவர், கையில் இருந்த கட்டையை நினைத்து நிறுத்திக்கொண்டார். விரல் மட்டும் அதன் பிடரியில் ஊர்ந்துகொண்டிருந்தது. "இங்க என்ன, குழி குழியா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். பிடரி முழுக்க வண்ணம் பெயர்ந்து, சின்னச் சின்னதாகப் பள்ளங்கள். அது அவள் செய்ததில்லை.

"கொத்தியிருக்கு மாமா! நிஜ ஆபீசர்தான். தன்னோட எடத்துல எவன் வந்து நிக்கறான்னு சண்டைக்கு வந்திருக்கு. அதுதான் தள்ளிவிட்டிருக்கு."

"அதுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கும்?" என்றார் மாமனார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்து அவள் அப்போதுதான் கேட்டாள். சிரிப்பு அடங்கியதும், "அந்தக் கண்காட்சி அம்மாவுக்குப் போன் போட்டுக் குடு" என்றார்.

எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

"படத்தை எடுக்கச் சொன்னேனே, காரணம் சொல்றேங்க. அது பறவை இல்ல. மரம். என் மருமக செஞ்சது... ஆமாங்க, மரந்தான்... நடுவருங்களை ஒண்ணும் சொல்லாதீங்க, பாவம். நிஜப் பறவையே ஏமாந்திருக்கு... நானா?"

ஊசி, நூல் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"நான் ரொம்பக் கிட்டப் போய்த்தான் பாத்தேன். தூரத்துல இருந்து ஒண்ணும் புலப்படறதில்ல, அதனாலதான் கிட்டயே போனேன். எனக்குக் கண்ணு தெரியலீங்க."

மகனிடம் சொல்லாதது, அவளிடம் சொல்லாதது. முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு என்னை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ" என்றார். மண் ஒட்டியிருந்த பறவையைச் சட்டையில் துடைத்து, முகத்துக்கு வெகு அருகில் தூக்கிப் பிடித்தார். "மஞ்சள் தூக்கல்னு சொன்னாங்களா? கண்ணு சரியாகட்டும். நான் பாத்துச் சொல்றேன்."