எதிர்மலையிலிருந்து ஒரு பதில்

எங்கள் ஜப்பானிய வகுப்பில் பதினான்கு பேர். போன் திரையில் பதிமூன்று பேருக்குப் பின்னால் சுவர் தெரியும், காலண்டர் தெரியும், காப்பி டம்ளரோடு அம்மா குறுக்கே போவது தெரியும். எனக்குப் பின்னால் வெறும் வானம். புதூர்நாட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அந்தப் பாறைதான். தினமும் மூன்று மணிக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்து படிப்பேன். மழை வந்தால் ஒரு கையில் குடை.

நர்சிங் உதவியாளர் படிப்பை முடித்திருந்தேன். வாய்மொழித் தேர்வில் தேறினால் ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை உறுதி. அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். அண்ணன் வெற்றிச்செல்வன் திருப்பூரோடு சரி. பொங்கலுக்கு ஒரு போன் வரும். வீட்டில் நான், ஒரு பூட்டு, இரண்டு கோழிகள். இங்கே யாருக்குக் காவலாக இருக்க வேண்டும்? அந்த ஆத்திரத்தில்தான் வாயில் நுழையாத பாஷையை விடாப்பிடியாகப் படித்தேன்.

மூன்றாவது வாரம் சிவசங்கரி டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஜப்பானில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'இத்தேகிமாஸ்' என்பாராம். நாம் சொல்கிற 'போய்ட்டு வர்றேன்'தான். வீட்டில் இருப்பவர் 'இத்தேராஷ்ஷாய்' என்பார். அதாவது, போய்ட்டு வா.

"வீட்ல யாரையாவது பதில் சொல்ல வெச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. அவங்க தமிழ்ல சொன்னாலும் பரவாயில்ல. அனுப்பாதவங்க பேரு தேர்வுக்குப் போகாது" என்றார்.

எரிச்சலாக வந்தது. எல்லார் வீட்டிலும் ஆள் இருக்கும் என்று இவருக்கு யார் சொன்னது? கோழியைப் பிடித்து வைத்துப் பதில் சொல்லச் சொல்வதா? ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பாறைமேல் எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"இத்தேகிமா...ஸ்!"

"ஓ...வ்!" என்று எதிர்மலையிலிருந்து பதில் வந்தது.

எங்கள் மலையில் அது வழக்கம். கூப்பிடுகிற சத்தம் காதில் விழுந்தால், யார் எதற்கு என்று தெரியாவிட்டாலும் பதில் கொடுத்துவிட வேண்டும். இங்கே ஆள் இருக்கிறது என்று கூப்பிட்டவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வழக்கமாகப் பதில் வருகிற இடத்திலிருந்து வராமல் போனால், அங்கே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ரெக்கார்டைக் கேட்டு டீச்சர் சிரித்துவிட்டார். "யார் கலைவாணி அது?"

"பக்கத்து வூட்டுக்காரங்க மேடம்" என்றேன். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு கிடப்பதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு தினமும் வகுப்பு முடிந்ததும் கத்தினேன். தினமும் பதில் வந்தது. சில நாள் அந்தப் பக்கம் முந்திக்கொள்ளும். நான் பதில் கொடுப்பேன். சாமைக் கொல்லை நடுவே கிளி விரட்டுகிற பரண் ஒன்று கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும். அதில் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு சத்தத்துக்குத்தான்.

தேர்வும் அதே பாறைமேல், போனில்தான். பதினைந்து நிமிடம். நடுவில் வேறு யாரிடமாவது வாய் திறந்தால் தேர்வு ரத்து என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். கேள்வி கேட்டவர் ஒரு ஜப்பானிய அம்மாள். பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றுக்கும் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிர்மலையிலிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். மறுபடி கேட்டது. மூன்றாம் தரம் குரல் நீண்டு இழுத்தது. பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஹிதோரி தெஸ்" என்றேன். தனியாக இருக்கிறேன். அன்று தடுமாறாமல் நான் சொன்ன ஒரே வாக்கியம் அது.

தேறிவிட்டேன் என்று அரை மணி நேரத்தில் டீச்சரிடமிருந்து மெசேஜ் வந்தது. எழுந்து நின்று கத்தினேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு தரம் கத்தினேன். பரண் வெறுமனே நின்றது. இருந்த ஒரு துணையையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று பாறைமேல் உட்கார்ந்து அழுதேன்.

வெகுநேரம் கழித்துக் கீழே கல் உருண்டது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் தடியோடு, மூச்சிரைக்க ஏறி வந்தாள். புடவைக் கரை முழுக்க முள்.

"ஏ பொண்ணு, உசுரோடதான் கீறியா? மூணு தரம் கூப்டேன், பதில காணோம். பாம்பு கடிச்சிச்சோ, பாறையில வழுக்கினியோன்னு வுழுந்தடிச்சி ஓடியாறேன்."

"பரீட்சைக்கா. பேசக் கூடாதுன்னாங்க."

"நல்ல பரீட்ச போ" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் சாந்தம்மாள். அவளும் தனி ஆள்தானாம். "அது சரி, தெனமும் இன்னாத்த கத்துற?"

"போய்ட்டு வர்றேன்னு அர்த்தம்கா. ஜப்பான் பாஷ."

"எங்க போற?"

"ஜப்பானுக்குத்தான். இப்பதான் பாஸ் ஆனேன். தை மாசம் கிளம்பணும்."

அவள் புடவைக் கரையிலிருந்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கி எறிந்தாள். கடைசி முள்ளையும் எறிந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, போய்ட்டு வா" என்றாள்.

எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் காரணம் புரிந்திருக்காது. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கொல்லையில் கிளி இறங்கிவிடும் என்று போய்விட்டாள்.

பொழுது சாய்கிற நேரம் எதிர்மலையிலிருந்து சத்தம் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள். பதில் கொடுத்தேன். மறுபடி கூப்பிட்டாள், கொடுத்தேன். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது, தை மாதம் இந்தப் பாறையிலிருந்து அவளுக்கு யார் பதில் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே, அவளுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.