தில்லைநாதனுக்குப் புரைக்கேறிய வரலாறு

உலகத்தின் எந்த மூலையிலாவது ஓர் இரசாயனவியலாளர் தில்லைநாதன் என்ற பெயரை நினைத்தால், வெள்ளவத்தையில் தில்லைநாதனுக்குப் புரைக்கேறும். மஞ்சள் இறக்குமதி நின்று, கடைகளில் மஞ்சள் தூளைச் சிட்டிகைக் கணக்கில் பொட்டலம் கட்டி விற்ற காலத்துக்குக் கொஞ்சம் பின்னால் இது தொடங்கியது. தில்லைநாதன் இரசாயனவியலாளர் அல்லர். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். காலி வீதி என்னும் பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில், மனைவி தவமலரோடும் மகள் அருந்ததியோடும் இருந்தார். முதல் தடவை புரைக்கேறியபோது இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தவமலர் எல்லோரும் செய்வதைப்போல உச்சந்தலையில் தட்டி, "ஆரோ உங்களை நினைக்கினம்" என்றார். "என்னை ஆர் நினைக்கிறது?" என்று தில்லைநாதன் கேட்டார். நியாயமான கேள்விதான். முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த அலுவலகத்தில் அவருடைய பிரியாவிடைக்கு வாங்கிய கேக்கில் வேறொருவருடைய பெயர் எழுதியிருந்தது. அதை அவர் பேசாமல் வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வந்தவர்.

காரணம் அருந்ததி. அவள் பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு இரசாயனவியல் படிப்பிக்கிறாள். ஒரு பொருளில் எது இருக்கக் கூடாதோ அது எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற துறை அது. மாமியார்மார் பரம்பரையாகச் செய்துவரும் வேலைதான். இவர்கள் கருவி வைத்துச் செய்கிறார்கள். மஞ்சள் தட்டுப்பாட்டில் ஊரெல்லாம் கலப்படத் தூள் புழங்கியபோது, அதில் ஈயச் சாயம் இருக்கிறதா என்பதை கீலமாக வெட்டிய ஒரு கடதாசித் துண்டை நனைத்தே சொல்லிவிடும் முறையொன்றை அவள் உண்டாக்கி, வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு எழுதி அனுப்பினாள். அனுப்பும்போது கணினி குடும்பப் பெயரைக் கேட்டது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று, ஒரு புள்ளி, பிறகு தன் பெயர், அவ்வளவுதான். கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவசரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதை அவளும் செய்து, தகப்பன் பெயரை அங்கே போட்டுவிட்டாள். கட்டுரை வெளிவந்தபோது அருந்ததி ஒற்றை எழுத்தாகச் சுருங்கி ஓரத்தில் நின்றாள். தில்லைநாதன் முழுசாக நின்றார். அந்த முறைக்குத் தில்லைநாதன் முறை என்றே பெயர் விழுந்தது. உலகம் அவரை நினைக்கத் தொடங்கியது.

கப்பல்களின் கொடிகளைப் பார்த்தே காலம் கழித்தவர் என்பதால், புரைக்கேறுவது எந்த நாட்டிலிருந்து என்று தில்லைநாதன் விரைவிலேயே பிரித்தறியப் பழகிவிட்டார். ஜப்பான் என்றால் இரண்டு சின்ன இருமல், நடுவில் மரியாதையான ஓர் இடைவெளி. ஜெர்மனி ஒரேயொரு தடவைதான், அதுவும் அலுவலக நேரத்தில். பிரேசில் கண்ணில் தண்ணீர் வரும்வரை விடாது, ஆனால் முடியும்போது ஏனோ சிரிப்பு வரும். இந்தியாவுக்கு மட்டும் நிறுத்தத் தெரியாது. வெள்ளவத்தை இதையெல்லாம் பெரிதாக எடுக்கவில்லை. வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையில் அவருக்கென்று இரண்டு கோப்பை தண்ணீர் முன்கூட்டியே வைத்தார்கள். ஐரோப்பாவில் ஆட்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் சலூன்காரர் அவருடைய தொண்டைப் பக்கம் கத்தியைக் கொண்டுபோவதில்லை. கலியாண வீடுகளில் முன்பு அவரைக் கண்டும் காணாமலும் போனவர்கள் இப்போது பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டு, "இது எவடம் அண்ணை?" என்று கேட்டார்கள். "கொரியா" என்று அவர் வாயைத் துடைத்தபடி சொல்வார். அந்த வயதில் அவருக்கு நடை மாறியது. சேட்டைக் காற்சட்டைக்குள்ளே விட்டு பெல்ட் கட்டத் தொடங்கினார்.

அருந்ததி முதலில் நம்பவில்லை. தகப்பனை மேசையில் இருத்தி, உறைப்பும் புளியும் சேர்க்காத வெறும் கஞ்சியைக் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் கலக்காத மாதிரியை முதலில் சோதிப்பது அவர்களுடைய தொழில் வழக்கம். கஞ்சிக்கும் புரைக்கேறியது. பிறகு அவருடைய இருமல்களை மேற்கோள்களோடு ஒப்பிட்டாள். ஒருவருடைய கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையின் அடியில் குறிப்பிடுவதுதான் மேற்கோள். இக்காலத்தில் விஞ்ஞானியின் மதிப்பை அதை எண்ணித்தான் அளக்கிறார்கள். அதிலிருந்து பிழிந்தெடுத்த எச் சுட்டெண் என்று ஓர் எண்ணும் இருக்கிறது. கலியாணம் பேசும்போது சாதகத்தைக் கேட்பதுபோல் அதைக் கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுவார்கள். ஒப்பிட்டபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. சில மேற்கோள்கள் வந்த நேரத்தில் தில்லைநாதன் நிம்மதியாக வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விசாரித்ததில், அவற்றை எழுதியவர்கள் கட்டுரையைத் திறந்தே பார்க்கவில்லை, இன்னொருவருடைய கட்டுரையின் வாலிலிருந்து பெயரை வெட்டி ஒட்டியிருந்தார்கள் என்று தெரிந்தது. மறுபுறம், மேற்கோளே இல்லாத நாட்களில் அவர் இருமித் தள்ளினார். டாக்காவிலும் நைரோபியிலும் உணவுப் பரிசோதகர்கள் கீலத்தை நனைத்து, நிறம் மாறக் கண்டு, தில்லைநாதன் முறை நல்ல முறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கட்டுரை எழுதுகிறவர்கள் அல்லர். "அம்மா, இருக்கிற அளவுகோல்களுக்குள்ளை அப்பாதான் திறம்" என்று அருந்ததி தவமலரிடம் சொன்னாள்.

இந்த நிலையில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. பதவியோடு மேல்மாடி ஆய்வுகூடமும், ஈயத்தைத் துல்லியமாக அளக்கும் ஒரே கருவியும் சேர்ந்து போகும் என்பதுதான் விஷயம். அருந்ததிக்கு அந்தக் கருவி இல்லாமல் வேலை இல்லை. போட்டிக்கு நின்றவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் டொக்டர் ஹியூபேட். நல்ல மனிதர், கோட் போட்டால் எடுப்பாக இருப்பார். அவருடைய மேற்கோள்கள் மலைபோலக் குவிந்திருந்தன. அவர் நண்பர்களைக் குறிப்பிடுவார், நண்பர்கள் அவரைக் குறிப்பிடுவார்கள், ஆளில்லாத நேரத்தில் அவர் தன்னையே குறிப்பிட்டுக்கொள்வார். எவ்வளவு அவசரமாகச் சாப்பிட்டாலும் அவருக்கு ஒருநாளும் புரைக்கேறியதில்லை. ஆய்வுகூடத்தை சோபா செட் போட்ட கூட்ட அறையாக மாற்றுவது அவருடைய திட்டம். அவர் தெரிவுக் குழுவுக்கு ஓர் ஆட்சேபம் எழுதினார். துறையில் ஒருவருக்கு இருக்கும் மதிப்பை அளப்பதே குழுவின் கடமை. உலகம் மதிப்பது தில்லைநாதன் என்பவரை என்பதற்கு வெள்ளவத்தை முழுதும் சாட்சி. எனவே அந்த மதிப்பை அருந்ததியின் கணக்கில் சேர்க்க முடியாது என்பது அதன் சாரம்.

குழுவுக்குத் தலைவி பேராசிரியை டோரின். சட்டம் தவறாதவர். புரைக்கேறுவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை என்பதைத் தேடி உறுதிசெய்துகொண்டு, தில்லைநாதனை வரவழைத்தார். அவருக்குத் தேநீரும் மீன் அடைத்த மாலு பாணும் கொடுத்தார்கள். முதல் கடியிலேயே ஒசாக்கா, இரண்டாவதில் சிங்கப்பூர், விழுங்க முன்னம் கல்கத்தா. குழுவில் ஒருவர் தன்னை அறியாமல் எழும்பிப் போய் அவருடைய உச்சந்தலையில் தட்டிவிட்டு வந்தார். பக்கத்தில் இருந்த அருந்ததி ஒரு தடங்கலும் இல்லாமல் தேநீரைக் குடித்து முடித்தாள். அது அவளுக்கு எதிராகப் பதிவானது. டோரின் இரண்டு வழி சொன்னார். தில்லைநாதனே பதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் வயது கடந்துவிட்டது. அல்லது அடுத்த கூட்டத்துக்குள் மதிப்பு உரியவரிடம் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பதவி ஹியூபேட்டுக்கு.

சேர்ப்பது கடினமில்லை. சஞ்சிகைக்கு எழுதினால் பெயரைத் திருத்தித் தருவார்கள். தமிழ் முறைப்படி தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகி முன்னால் போகும், அருந்ததி முழுசாக வருவாள். அவள் அந்தத் திருத்தப் பக்கத்தைத் திறப்பாள். அப்போது பார்த்து வரவேற்பறையில் தகப்பன் இருமுவதும், தண்ணீர் குடித்துவிட்டு, "சிலி! இது சிலி! இவ்வளவு நாளும் வராத இடம்" என்று தவமலரிடம் சொல்லிச் சிரிப்பதும் கேட்கும். அவள் கணினியை மூடிவிடுவாள். அவளுக்கு அந்தப் பதவி வேண்டும். கருவியை ஹியூபேட் களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டுவதை நினைத்தால் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் தகப்பனுடைய முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவள் பிறந்ததிலிருந்து கண்டதில்லை, அதைத் தன் கையால் அணைக்க அவளால் முடியவில்லை. கூட்ட நாள் கிட்ட வந்தது. அவள் பேசாமல் இருந்தாள். தவமலரால் பேசாமல் இருக்க முடியவில்லை, கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

தில்லைநாதன் மகளுடைய அறை வாசலில் வந்து நின்றார். சேட் வெளியே கிடந்தது.

"பிள்ளை, பேரை மாத்து."

"பிறகு பாப்பம் அப்பா. அவசரமில்லை."

"உலகம் நினைச்சது உன்னை. நான் இடையிலை நிண்டு வாங்கிக்கொண்டிருந்தனான். கேக்கிலை வேறை ஆளின்ரை பேர் கிடந்தா எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும்."

"உங்கடை பேர் இல்லாமப் போயிடும் அப்பா."

"ஏன் போகுது? முன்னுக்கு ஒரு எழுத்து நிக்கும்தானே. எனக்கு அது போதும்."

அவர் பக்கத்திலேயே நின்று, அவள் திருத்தத்தை அனுப்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிய பிறகும் சில நாட்கள் பழையபடியே புரைக்கேறியது. அந்த நாட்களில் அவர் வேண்டுமென்றே அடிக்கடி சாப்பிட்டார். திருத்தம் வெளியானது ஒரு பின்னேரம். அவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆர்ஜென்டீனாவிலிருந்து தொடங்கிய இருமல் பாதியில் நின்றுவிட்டது. மிச்சப் பாதி பல்கலைக்கழகத்தில் அருந்ததிக்கு வந்தது. அன்றிலிருந்து, திருத்தத்தைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் எப்படியோ அருந்ததி முறை என்றே சொல்லத் தொடங்கினார்கள். குழு மறுபடி கூடியபோது அவளால் ஒரு பற்றீஸ் துண்டைக்கூட விழுங்கி முடிக்க இயலவில்லை. டோரின் தாமே எழும்பி வந்து தலையில் தட்டிவிட்டு, பதவி அருந்ததிக்கே என்று அறிவித்தார். ஹியூபேட் பெருந்தன்மையாகக் கைகொடுத்து வாழ்த்தி, தட்டில் மீதியிருந்த பற்றீஸ்களை எல்லாம் ஒரு சிக்கலுமில்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

அதன் பிறகு தில்லைநாதன் சாப்பிட்டதெல்லாம் நேரே வயிற்றுக்குப் போனது. அது அவருக்குத் துக்கமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கடையில் பழக்கத்துக்கு இரண்டு கோப்பை தண்ணீர் வைத்தார்கள். அவர் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். சலூன்காரர் எந்த நேரமும் சவரம் செய்தார். பின்னேரங்களில் மரைன் டிரைவில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நின்று, தூரத்தில் துறைமுகத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்களைப் பார்ப்பார். எந்த நாட்டுக் கப்பல் என்று தெரியும். ஆனால் அதில் யாருக்கும் அவரைத் தெரியாது. கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தவர்கள், "பிள்ளை எப்பிடி இருக்கிறா? கஷ்டப்படுறாவோ?" என்று கேட்டார்கள். "ஓம், நல்லாக் கஷ்டப்படுறாள். சோறு இறங்குதில்லை" என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

அடுத்த வருடம் பேராசிரியை அருந்ததியை லிஸ்பனில் பெரிய மாநாடு ஒன்றுக்குப் பேச அழைத்தார்கள். அறிமுகம் செய்த போர்த்துக்கீசப் பெண்மணி அவளுடைய எச் சுட்டெண்ணைச் சொன்னாள், அருந்ததி முறையைச் சொன்னாள், பெயரையும் பிழையில்லாமல் சொன்னாள். பிறகு, பெயருக்கு முன்னால் தனியாக ஓர் எழுத்து நிற்கிறதே, அது என்ன என்று கேட்டாள். அருந்ததி ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பி, "அது என்னுடைய அப்பா" என்றாள்.

அந்த நேரம் வெள்ளவத்தையில் தில்லைநாதன் பின்னேரத் தேநீரோடு பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். புரைக்கேறியது. ஜப்பான் இல்லை, ஜெர்மனி இல்லை, அவர் அறிந்த எந்தத் துறைமுகமும் இல்லை. கண் நிறைந்துவிட்டது. தவமலர் ஓடிவந்து தலையில் தட்டி, "தண்ணியைக் குடியுங்கோ" என்றார். அவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அது தானாக முடியும்வரை இருமினார். முடிந்த பிறகும் நெடுநேரம் மகளையே நினைத்துக்கொண்டிருந்தார்.

லிஸ்பனில் உரை தொடங்கியிருந்தது. இரண்டாவது வசனத்தில் அருந்ததிக்குப் புரைக்கேறியது. "ஒன்றுமில்லை, வீட்டிலிருந்து" என்று ஒலிவாங்கியில் சொன்னாள். மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இரசாயனவியலாளர்கள், இப்படியானவற்றை அறிந்தவர்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பித் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அது நிற்கும்வரை அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.